பின்னறையில் இன்னொரு வயலின்

இதைச் சொன்னால் என் கணவர் இன்றும் சிரிக்கிறார். "பட்டப்பகல்ல எந்தப் பேய் வரும்? அதுக்கும் தூங்க வேணாமா?" என்பார். சிரிக்கட்டும். அந்த அறைக்குள் அவர் இல்லை, நான் இருந்தேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நான் வயலின் வாசிக்கிறவள். பெரிய ஓட்டல் ஒன்றில் வாரம் ஐந்து நாள் மாலை வாசிப்பு. எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. ஓட்டல் கைமாறியிருந்தது. புது முதலாளி அன்று மாலை வந்து அங்கே வாசிக்கும் எங்கள் நால்வரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வார் என்றார்கள். காலையில் பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தால்... உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது.

வயலினின் வயிற்றுக்குள் ஒரு சின்னக் குச்சி நிற்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது, இறுக்கத்திலேயே நிற்கும். அது விழுந்தால் வாத்தியம் ஊமை மாதிரிதான். கடைவீதியில் பெரிய ஷோரூமில் கேட்டேன். "கம்பெனிக்கு அனுப்பணும் மேடம், ரெண்டு வாரம் ஆகும்" என்றாள் பேட்ஜ் குத்திய பெண். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கோ அன்று மாலையே வேண்டும்.

நேராக, வாத்தியம் பழுதுபார்க்கும் கம்பி அண்ணன் கடைக்கு ஓடினேன்.

தையற்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், ஓர் ஆள் நுழைகிற அகலத்தில் வாசல். உள்ளே கூரையிலிருந்து கிடார்கள் தொங்கும், குனிந்துதான் போகவேண்டும். அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கும். எங்களில் யாருக்கும் தெரியாது. மேடையேற அரைமணி இருக்கும்போது கம்பி அறுந்துவிட்டது என்று போய் நின்றால், காசுகூடக் கேட்காமல் மாட்டிவிட்டு, சுருதியும் சேர்த்துக் கொடுத்துத்தான் அனுப்புவார். "எத்தனை பேர் உங்களுக்குக் கம்பி நீட்டியிருப்பாங்க அண்ணா?" என்று கேட்டிருக்கிறேன். "நீட்டினவனும் அடுத்த கம்பி அறுந்தா இங்கதானே வந்தாகணும்" என்றார். ஊரில் வாசித்துப் பிழைக்கிற எங்கள் எல்லோருக்கும் அது தாய்வீடு மாதிரி.

வளைந்த கம்பி ஒன்றை வயலினின் துளைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கால்மணி நேரத்தில் குச்சியை நிறுத்திவிட்டார்.

"பின்னறையில போய் நல்லா வாசிச்சுப் பாரும்மா. நான் சாப்பிட்டு வந்துடறேன்."

அந்தப் பின்னறையும் எங்களுக்காக அவர் அமைத்ததுதான். வீட்டில் சாதகம் பண்ணினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள் என்று நாங்கள் புலம்பப் போக, சரக்கு அறையைக் காலி செய்து, சுவர், கூரை எல்லாம் தடித்த கம்பளம் ஒட்டி, சத்தம் வெளியே போகாதபடி ஆக்கிவைத்தார். ஜன்னல் இல்லை. ஒரு பல்பு. உள்பக்கமாகத் திறக்கும் ஒரே கனமான கதவு. வெளியே லாரி ஹாரன் அடித்தால்கூடப் போர்வைக்குள் கேட்பது மாதிரிதான் இருக்கும்.

போனைக் கல்லாவில் சார்ஜ் போட்டுவிட்டு உள்ளே போனேன். அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிளம்பும் சத்தம் மங்கலாகக் கேட்டது. கைக்கடிகாரத்தில் ஒன்றரை.

வாசித்தேன். நாதம் முன்னைவிடத் திறந்திருந்தது. மனசு குளிர்ந்துவிட்டது. பத்து நிமிடம் இருக்கும், போதும் என்று வில்லைத் தாழ்த்தினேன்.

நான் கடைசியாக வாசித்த வரி... மறுபடி கேட்டது.

இன்னொரு வயலின். அதே வரி. கதவுப் பக்கமிருந்து.

யாரோ வாடிக்கையாளர் வந்து வெளியே வாசித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கெட்டிக்காரர்தான், ஒரு தடவை கேட்டதும் பிடித்துவிட்டாரே என்றுகூடத் தோன்றியது. ஆளைப் பார்க்கலாம் என்று போய்க் கைப்பிடியைத் திருகி இழுத்தேன்.

கதவு வரவில்லை.

பலமாக இழுத்தேன். விரலளவு வந்தது. பிறகு மெதுவாகத் திரும்பிப் போய் மூடிக்கொண்டது. மரம் உப்பி மாட்டிக்கொண்டால் அசையவே அசையாது. இது அப்படி இல்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்தது... பிறகு அழுத்தியது.

"சார்! கதவு மாட்டிக்கிச்சு. வெளியில இருந்து கொஞ்சம் தள்ளுங்களேன்!"

வயலின் மட்டும் அதே வரியை ஆரம்பித்தது.

"விளையாடாதீங்க சார். எனக்கு நேரமாகுது!"

அதே வரி. இந்தத் தடவை இன்னும் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெளியிலிருந்து வரும் எந்தச் சத்தமும் இங்கே மங்கலாகத்தான் கேட்கும். ஆனால் இந்த வயலின்... வில்லின் மயிர் கம்பியில் உட்காரும் 'டக்' கேட்டது. விரல் வழுக்கும் 'சர்ர்' கேட்டது. வாசிப்பவர் மூச்சு இழுப்பது கேட்டது.

அது வெளியே இல்லை.

உள்ளே. கதவுக்கும் எனக்கும் நடுவில்.

அதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பின்னுக்கு நகர்ந்தேன். முதுகு சுவரில் முட்டியது. கத்தினேன். கம்பளம் என் குரலை அப்படியே விழுங்கிவிட்டது.

பல்பு அணைந்தது.

வயலினும் நின்றது.

பிறகு... 'சரக்'. தரையில் ஒரு கால் தேய்ந்தது. ஓர் அடி. என் பக்கமாக.

என்ன நினைத்தேனோ தெரியாது, கை தானாக வில்லைத் தூக்கியது. வாசித்தேன்.

கால் சத்தம் நின்றது.

புரிந்துவிட்டது. நான் வாசிக்கும்வரை அது கேட்கும். நிறுத்தினால் வரும்.

வாசித்தேன். தெரிந்ததெல்லாம் வாசித்தேன். கண்ணைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் இருட்டு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள் மரத்தது. விரல் நுனி எரிந்தது. வியர்வையில் வில் வழுக்கியது.

கை விட்டது.

நிசப்தம்.

'சரக்'.

'சரக்'...

'சரக்'...

என் காதோரம் ஒரு மூச்சு.

சில்லென்று.

படார்!

கதவு திறந்தது. வெளிச்சம். அண்ணன் தடுமாறி உள்ளே வந்து விழப்பார்த்தார். அறையில் நாங்கள் இருவர்தான். வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு, போனைப் பிடுங்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினேன். மணி இரண்டே கால்.

மாலையில் ஓட்டலில் வாசித்தேன். புது முதலாளி நான்கு பேரையும் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத்தான் கடைக்குப் போகும் தைரியம் வந்தது. அண்ணனிடம் பேய் என்றெல்லாம் எப்படிச் சொல்வது? "அந்தப் பின்னறைக் கதவைச் சரி பண்ணுங்க அண்ணா, உள்ள மாட்டிக்கிட்டேன்" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"கதவு நல்லாத்தானேம்மா இருக்கு? நீதானே அதுல சாஞ்சுக்கிட்டு விடமாட்டேன்னே?"

"நானா?"

"மூணு தடவ தள்ளினேன். யாரோ முதுகு குடுத்துச் சாஞ்ச மாதிரி இருந்துச்சு. 'அம்மா, நேரமாச்சு'ன்னு தட்டினேன். 'இன்னும் ஒரே ஒரு தடவ அண்ணா'ன்னு சொன்ன. மூணு தடவயும் அதையேதான் சொன்ன. சரி, ஆசையா வாசிக்கிறியேன்னு விட்டுட்டேன். வாசிப்பு நின்னதும் கதவு தானா லேசாச்சு."

"அண்ணா... நான் அந்த மூலையில நின்னு வாசிச்சுக்கிட்டிருந்தேன். வாயே திறக்கல."

கம்பி சுற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"பதினஞ்சு வருஷமா கேக்கற குரல்ம்மா. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து, என் காது கிட்ட பேசின மாதிரி கேட்டுச்சு. அது உன் குரல்தான்."

"நான் பேசல அண்ணா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்குத் தெரியக்கூடாது என்பது போல, கல்லாவுக்குப் பின்னால் மெதுவாக ஓர் அடி நகர்ந்தார்.

"இப்ப பேசறது..." என்றார். "நீதானேம்மா?"