சுகிர்தம் வெட்டிய தாள்கள்

தென்காசியில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் சுகிர்தம் பதினொரு வருஷம் சொல்லிக்கொடுத்தாள். தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ். அப்பாவுக்குச் சுரண்டையில் மிளகாய் வற்றல் வியாபாரம். முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்பவர்களிடம், "ஆகும்போது சொல்லுதேன், வந்து பந்தியில முன்னால உக்காருங்க" என்பாள்.

1962 ஜூன் மாதம் சென்னைச் சட்டக்கல்லூரி விரிவுரையாளர் சங்கரநாராயணனும், ஹாலந்து தேசத்துப் பேராசிரியர் போஸ்மாவும் குற்றாலத்தில் ஒரு சீசன் பங்களாவை வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி. போலீஸ் கண்காணிப்பில் இருக்கிறவன் எப்படி வாழ்கிறான், அதுதான் கேள்வி. அந்தப் பட்டியலில் இருந்தவர்களை ஊர் கேடிகள் என்றது. வாரம் ஒருமுறை அவர்கள் ஸ்டேஷனுக்குப் போய்த் தலைகாட்ட வேண்டும். ஸ்டேஷன் எல்லையைத் தாண்டுவதற்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும். ராத்திரி பாரா போலீஸ்காரர் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறான் என்று நோட்டில் எழுதுவார். ஸ்டேஷன் எது என்பது இங்கே வேண்டாம்.

இருபத்திரண்டு கேள்விகள் அச்சடித்த தாள்கள் ஹாலந்திலிருந்து வந்திருந்தன. அவற்றைத் தமிழாக்கி, ஸ்டென்சில் வெட்டி, கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. சுகிர்தம் பள்ளியில் லீவு சொல்லிவிட்டுப் போனாள். முதல் நாள் சங்கரநாராயணன் கோட்டு போட்டுக்கொண்டு கேட்டார். வந்தவன் எல்லாவற்றுக்கும் "எஜமான் சொன்னாச் சரி" என்றான். மறுநாள் அவர் மேஜையை அவளிடம் விட்டுவிட்டு, வேறு வேலையாகச் சென்னைக்கு ரயிலேறினார்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்த நாளிலிருந்து வந்தது. எழுதி முடித்ததும் முதலிலிருந்து வாசித்துக் காட்டுவாள்.

"நீங்க சொன்னது இதுதானா?"

இசக்கியப்பன் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவன். அவன்தான் முதலில் பேசினான். அவள் வாசித்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு, நம்பர் குத்துவதற்காக வைத்திருந்த மைப்பெட்டியை இழுத்து, இடது கட்டைவிரலை அழுத்தி, தாளின் அடியில் வைத்தான்.

"இதுல பேரே கிடையாது, அண்ணாச்சி. கைநாட்டு வேண்டாம்."

"வாசிச்சுக் காட்டுனிய. கேட்டுச் சரின்னேன். பொறவு கை வைக்காம எந்திரிச்சா அது என்ன பேச்சு?"

ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் அப்படித்தான். வாசிக்கக் கேட்டால் கைநாட்டு. அடுத்து வந்தவன் அதைப் பார்த்தான். "அவன் கையை வாங்குனிய, என் கை என்ன நொள்ளையா?" என்றான். அதற்குப் பிறகு அவள் தடுக்கவில்லை. போஸ்மா இதை இந்த ஊர் மரியாதை என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று தலை குனிந்தார். அவர்களும் தலை குனிந்தார்கள்.

ஐந்து வாரத்தில் நாற்பத்தொரு பேர் பேசினார்கள். பலாச்சுளை கொண்டுவந்தார்கள். பெண்டாட்டிகளைக் கூட்டிவந்து பங்களா வாசலில் நிறுத்தி, "இவியதான் வாசிச்சுக் காட்டுத டீச்சர்" என்றார்கள்.

இருபத்து மூன்றாவதாக வந்தவன் முப்பிடாதி. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நெல்மூட்டை வழக்கில் சிக்கியவன். பட்டியலில் இருப்பவனுக்கு இங்கே யாரும் வேலை கொடுப்பதில்லை. அதனால் வாரத்தில் மூன்று நாள் செங்கோட்டை வழியாக மலை தாண்டி, புனலூரில் ஒரு மரக்கடையில் லாரிக்குத் தடி ஏற்றுகிறான். அனுமதி கேட்டால் கிடைக்காது. ஸ்டேஷனுக்குத் தெரிந்தால் ஜெயில். வீட்டில் நான்கு பிள்ளைகள்.

"இதை எழுதணுமா?" என்று சுகிர்தம் கேட்டாள்.

"எழுதுங்க. ஒரு இடத்துலயாவது நெசம் இருக்கட்டும்."

ஆகஸ்ட் முதல் வாரம், காலை பத்து மணிக்கு, சப் இன்ஸ்பெக்டர் அய்யாத்துரை சைக்கிளில் வந்தார். சாரலில் தொப்பி நனைந்திருந்தது. ஐந்தருவிப் பக்கம் ஒரு பங்களாவில் சங்கிலி திருட்டுப் போயிருந்தது.

"டீச்சரம்மா, நம்ம ஆளுங்க உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுதானுவளாம். எங்ககிட்ட வாயத் தொறக்க மாட்டானுவ. அந்தத் தாளை ஒருதடவை பாத்துட்டுத் தந்துருதேன்."

"பேரு போடலை, சார்."

"அப்பப் பாக்குறதுல என்ன? நாலு மணிக்கு வாரேன்."

போஸ்மாவிடம் அவள் சொன்னபோது அவர் நிதானமாகவே இருந்தார். மறுத்தால் மற்ற தாலுகாக்களில் ஆராய்ச்சி செய்யப் போலீஸ் தரும் அனுமதியும் போய்விடும். பெயரில்லாத தாள்தானே, பார்க்கட்டும் என்றார். சுகிர்தம் தாள்கட்டை எடுத்துவந்து முதல் தாளின் அடியைக் காட்டினாள்.

"ஐயா, இதுதான் அவங்க பேரு. ஒவ்வொருத்தர் ரேகையும் ஸ்டேஷன்ல இருக்கு."

போஸ்மா பன்னிரண்டு வருஷம் குற்றவியல் சொல்லிக்கொடுத்தவர். ரேகை பற்றி ஒரு கட்டுரையே எழுதியவர். தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் இதற்கா எழுந்து நின்று வணங்கினேன் என்றார்.

சங்கரநாராயணனுக்கு டிரங்கால் போட்டார்கள். லைன் கிடைக்கவில்லை. மணி பன்னிரண்டாகியிருந்தது.

"வெட்டிருவோம்" என்றாள் சுகிர்தம்.

விரல் வைத்த இடம் கடைசிக் கேள்வியின் மேலேயே இருந்தது. உங்கள் மகன் என்ன ஆக வேண்டும் என்பது அந்தக் கேள்வி. அடியை வெட்டினால் அந்தப் பதிலும் போய்விடும். அந்தக் கேள்வியைப் போஸ்மாதான் சேர்த்திருந்தார். சுகிர்தம் நாற்பத்தொரு பதில்களையும் வேறொரு தாளில் முன்பின்னாகக் கலைத்து, நம்பரில்லாமல் அடித்தாள். லாரி டிரைவர். வாத்தியார். போலீஸ். போலீஸ். கண்காணாத ஊரில் எதுவாகவும். போஸ்மா தாளை நேராகப் பிடித்துக்கொண்டார். அவள் கத்தரியால் வெட்டினாள். வெட்டிய துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டார்கள். விறகு ஈரம். தாள் உடனே பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்கு அய்யாத்துரை வந்தார். கட்டைக் கையில் எடுத்ததுமே அதன் நீளம் குறைந்திருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அடியில என்ன இருந்தது?"

"கைநாட்டு. நான்தான் வெட்டினேன்."

"போலீஸ் கேட்டபொறவு வெட்டினியளா?"

"ஆமா, சார்."

போஸ்மா இங்கிலீஷில் குறுக்கிட்டு, நான் சொல்லித்தான் செய்தார் என்றார். "அவர் சொல்லலை" என்றாள் சுகிர்தம். அய்யாத்துரை இரண்டு பேரையும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்.

ஒன்றரை மணி நேரம் வாசித்தார். ஒரு தாளில் சிரித்தார். "போலீஸ் தட்டுனா எனக்கு உறக்கம் தெளியாது, என் நாய்தான் எந்திரிச்சு ஆசர் சொல்லும்" என்று இருந்தது. இருபத்து மூன்றாவது தாளில் அவர் விரல் நின்றது.

"புனலூருக்குப் போறது யாரு?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

அவள் கைகள் மடியில் இருந்தன. அவர் தாளை இன்னொரு முறை வாசித்தார்.

"வாரத்துல மூணு நாள் இவன் இங்கன இல்லை. ஆனா பாரா நோட்டுல எல்லாவனும் எல்லா நாளும் வீட்டுல உறங்குதான். அடியில என் ஆளு கையெழுத்து. அதுக்கு மேல என் கையெழுத்து." கட்டை மேஜையில் வைத்துத் தட்டி நேராக்கினார். "இவனைப் பிடிக்கணும்னா என் ஸ்டேஷனையும்லா பிடிக்கணும்." வாசலில் தொப்பியை மாட்டிக்கொண்டு, "போலீஸ்காரங்க பேரு எங்கயாவது எழுதியிருக்கியளா?" என்று கேட்டார்.

"இல்லை, சார். யாரு பேரும் இல்லை."

"நல்லா இருங்க" என்றார்.

சங்கிலி கடைசிவரை அகப்படவில்லை. போலீஸ் வந்துபோன செய்தி தட்டச்சுப் பள்ளிக்குப் போயிற்று. பள்ளி முதலாளி அவளை மூன்று மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அந்த மூன்று மாதமும் அவள் வீட்டில் இருந்தபடியே சங்கரநாராயணன் தபாலில் அனுப்பியதை அடித்துக்கொடுத்தாள்.

ஒருநாள் முப்பிடாதி அவள் வீட்டுக்கு வந்து, படியேறாமல் முற்றத்தில் நின்றான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என் கையை வெட்டி அடுப்புல போட்டியளாமே, டீச்சர். பின்ன நான் சொன்னது செல்லாதா?"

"செல்லும். அதை வச்சிருந்தா நீங்க உள்ள போயிருப்பிய. ஸ்டேஷன்ல ரேகை இருக்குலா?"

அவனுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. படியில் உட்கார்ந்தான். "எங்க கூப்பிட்டாலும் கை வச்சே பழகிட்டோம்" என்றான். பிறகு, "எஸ்.ஐ. அய்யா வாசிச்சாரா?" என்றான்.

"வாசிச்சாரு. யாருன்னு கேட்டாரு."

"நீங்க?"

"நான் சொல்லலை. அவரும் விட்டுட்டாரு."

அவன் கும்பிட்டான். சுகிர்தத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து நின்று அவளும் கும்பிட்டாள். தான்தான் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஜெயிலுக்குப் போகக்கூடிய ஒரு விஷயத்தை அவளை நம்பிச் சொன்ன ஆள் அதுவரை வேறு யாரும் இல்லை. அதைச் சொல்லவும் செய்தாள். "போங்க டீச்சர், வெளையாடுதிய" என்றான் அவன்.

1965இல் புத்தகம் அச்சுக்குப் போனது. நன்றிப் பக்கத்தில் அவள் பெயரை எப்படிப் போடுவது என்று சங்கரநாராயணனும் போஸ்மாவும் கையெழுத்திட்டு ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார்கள். அவள் இல்லாமல் இந்தப் புத்தகம் இல்லை என்று போஸ்மா தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். சுகிர்தம் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தாள். பெயர் அச்சில் வருவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அப்பாவிடம் காட்டலாம். பள்ளியில் காட்டலாம். ஆனால் அய்யாத்துரை மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் எப்படியோ தெரியாது. பெயரைப் பார்த்தால் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பதிலை அவளே டைப் அடித்தாள்.

"உங்கள் அன்புக்கு மிகவும் நன்றி. நன்றி சொல்லப்பட வேண்டியவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்கள் பெயரைப் போட முடியாது. என் பெயரையும் போட வேண்டாம். புத்தகம் மட்டும் ஒன்று அனுப்புங்கள்."

புத்தகம் வந்தது. நன்றிப் பக்கத்தில் அவள் பெயர் இல்லை. அந்த வருஷமும் முப்பிடாதி வாரத்தில் மூன்று நாள் புனலூருக்குப் போய்வந்துகொண்டிருந்தான்.