சிகரெட் பெட்டியில் வந்த சனி

தொலைக்காட்சியில் பொது அறிவுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. திரையில் வளையம் போட்ட ஓர் உருண்டை வந்தது. "இது என்னம்மா, சொல்லு பார்ப்போம்?" என்றாள் மகள். நான் வாய் திறக்குமுன் எங்கிருந்தோ புகையிலை மணத்தது.

நான் சிறுமியாக இருந்தபோது செந்தூல் ரயில் பட்டறையில் அப்பாவுக்குச் சக்கர வேலை. வெள்ளைக்காரர்கள் வீசிப்போகும் சிகரெட் பெட்டிகளுக்குள் படச் சீட்டு இருக்கும். அதை எனக்கென்று எடுத்து வருவார். பின்புறம் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருக்கும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்தப் படத்துக்கும் விளக்கம் வைத்திருப்பார். இதே உருண்டை இருந்த சீட்டைக் காட்டி, "சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டியிருக்காங்க. ஆறினா கப்புனு கவ்விக்கும்" என்றார்.

அதை அப்படியே பட்டறையில் கணக்கெழுதும் பக்கத்து வீட்டுக் கிராணியின் மகள் ராசம்மாவிடம் சொன்னேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிறவள். சீட்டைத் திருப்பிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அடியே, இது சனி கிரகம்! உங்கப்பா நல்லா புளுகுறாரு."

என் அப்பாவா புளுகுவார்? அழுதுகொண்டே ஓடிப்போய் அவரிடமே கேட்டேன். அப்பா சீட்டை விளக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இவருதான் சனியா? ஏழரை வருசம் என்னைப் பாடாப் படுத்தினவரு. இவ்வளவு அழகா இருப்பாருன்னு ஒருத்தரும் சொல்லலையே!" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "மத்த சீட்டையும் அந்தப் புள்ளகிட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லும்மா" என்றார்.

"சனி" என்று மகளுக்குச் சரியாகத்தான் பதில் சொன்னேன். கண் மட்டும் உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியிலேயே நின்றது.

பட்டை இன்னும் ஆறவில்லை, அப்பா.