ஓடை வந்தீக்கி

கலகெதரவுக்கு அப்பால் எங்கள் ஊரோடு சேர்த்து மூன்று சின்ன ஊர்கள். மூன்றுக்கும் போக ஒரே ஓடையைக் கடக்க வேண்டும். அதில் வருடத்தில் இரண்டு மாதம்தான் தண்ணீர். மற்ற மாதங்களில் வெறும் கல்லும் மேய வந்த ஆடுகளும்தான். எங்கள் வாயில் மட்டும் அது வருடம் முழுவதும் பெருக்கெடுத்து ஓடியது. வேலைக்குப் போக மனமில்லையா, பிடிக்காத சொந்தக்காரர் வரப்போகிறாரா, "ஓடை வந்தீக்கி" என்று தொலைபேசியில் சொன்னால் போதும்; வெள்ளம், கடக்க முடியாது என்று அர்த்தம். பாலம் கேட்டு மூன்று ஊரும் கூடிக் கடிதம் எழுதுவோம். அதைத் தபாலில் போட மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்காது. பாலம் வந்துவிட்டால் எதைச் சொல்லி லீவு எடுப்பது?

கட்டுகஸ்தோட்டையில் நான் வேலை பார்த்த துணிக்கடை முதலாளியிடம் இந்தப் பொய்யைச் சொல்லாத மாதமே இல்லை. அப்படியிருந்தும் அவர் தன் மகனுக்கு என் தங்கச்சியைக் கேட்டார். பெண் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று காலையில், நாசமாய்ப் போன ஓடை உண்மையாகவே வந்துவிட்டது.

"முதலாளி, இண்டைக்கு நீங்க வரேலா. மெய்யாவே ஓடை வந்தீக்கி!"

"எனக்கிட்டயேவா? நாங்க வாறம்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

பட்டுச் சேலைகளோடு ஒரு வான் நிறைய ஆட்கள் அக்கரையில் வந்து இறங்கினார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சம்பந்தம் கைநழுவிப் போகிறதே என்று உம்மா அழத் தொடங்கினார். முதலாளி தண்ணீரை நெடுநேரம் பார்த்தார். நான் முதன்முறையாக மெய் பேசியதைக் கௌரவிக்க நினைத்தாரோ என்னவோ, மூன்று மணித்தியாலம் வானிலேயே காத்திருந்தார். தண்ணீர் வடிந்ததும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, வட்டிலாப்பம் சாப்பிட்டு, சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பெருநாளுக்குத் தங்கச்சி வருவாள் என்று உம்மா விடிந்ததிலிருந்து சமைத்தார். பகலில் அவள் தன் நானாவான எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நானா, அங்க ஓடை வந்தீக்கிதானே? நாங்க வரல்ல. உம்மாட்ட சொல்லுங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது? சமையலறை ஜன்னலுக்கு வெளியே, ஓடையின் நடுவில் ஒரு ஆடு படுத்திருந்தது. அந்த ஜன்னலில்தான் உம்மா நின்றார்.

"தங்கச்சி வரல்லயாம் உம்மா. ஓடை வந்தீக்காம்."

உம்மா ஆட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றுப் பானையை மூடினார்.

"ஓ மகன், சத்தம் கேக்குது" என்றார்.