ஒரு நாளும் தவறாத மயில்சாமி

1959ஆம் வருஷம் மயில்சாமிக்கு இருபத்தேழு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கோனில் நூல் சுற்றும் வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது பஞ்சுத் தூசியில் புருவம் வெளுத்திருக்கும். ஆள் ஒல்லி. கம்பெனி போடும் பனியனில் ஆகச் சின்னதுகூட அவனுக்குத் தொளதொளவென்று தொங்கும்.

அதே கம்பெனியில் மெஷின் ஓட்டிய ஆத்தப்பன் நேர்மாறு. வீரபாண்டிக்காரன், காட்டு வேலையில் உரமேறிய உடம்பு. கோயமுத்தூர் ஆணழகன் போட்டியில் ஒரு தடவையாவது நின்றுவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் தனியாக எதையும் தொடர்ந்து செய்யமாட்டான். நாலு நாள் தண்டால் எடுத்தால் ஐந்தாம் நாள் இழுத்துப் போர்த்திக்கொள்வான்.

“நீயும் வாப்பா, தொணைக்கு ஆளிருந்தா உடமாட்டேன்” என்றான் மயில்சாமியிடம்.

“எனக்கெதுக்கப்பா? ஊதுனாப் பறந்துருவேன்.”

“அதுக்காவத்தான் கூப்படறேன்.”

ஓடைக்கரை மணலில் விடிகாலை ஐந்தரைக்கு என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தன் வராவிட்டால் மற்றவனும் எடுக்காமல் திரும்பிவிட வேண்டும். போட்டிக்குள் ஆத்தப்பன் முந்நூறு தண்டால், மயில்சாமி ஐம்பது.

முதல் நாள் நாலாவதிலேயே மயில்சாமி குப்புற விழுந்தான். ஆடியில் முப்பது எடுத்தான். பனியன் தோளில் பிடிக்க ஆரம்பித்ததும் மனைவி சாரதாமணி சிரித்தாள். அவனுக்கோ தோளைவிட இன்னொன்று பெரிதாக இருந்தது. தான் போகாவிட்டால் ஒரு காரியம் நின்றுபோகும் என்று அதற்கு முன் எங்கேயும் இருந்ததில்லை.

ஐப்பசியில் இருமல் வந்தது. அந்தியானால் காய்ச்சல். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சில் சயரோகம் இருக்கிறது, வேலையை விட்டுவிட்டு உடனே பெருந்துறை ஆஸ்பத்திரிக்குப் போ, உடம்பை அசைக்கவே கூடாது என்றார்.

போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

“ஆத்தப்பங்கிட்டச் சொல்லீராத. நான் போகலீன்னா அவனும் உட்டுருவான். போட்டி முடியட்டும், பெருந்துறைக்குப் போயிக்கறேன்” என்றான் மயில்சாமி. சாரதாமணி அழுதாள், சண்டை போட்டாள். அவன் கேட்கவில்லை.

நாற்பது இருபதாயிற்று. இருபது பத்தாயிற்று. ஆத்தப்பனுக்குச் சோம்பல் என்றுதான் பட்டது.

“என்னப்பா, ஏமாத்தறயா? இன்னும் பத்து எடு. நீ எடுத்தாத்தான் நான் எடுப்பேன்” என்று ஒரு காலை அதட்டினான்.

மயில்சாமி மணலில் கையை ஊன்றினான். ஆறாவதில் சரிந்தான். திருப்பிப் போட்டபோது வாயிலும் மணலிலும் ரத்தம். ஆத்தப்பன் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். ஒரு ஆளைத் தூக்கின கனமே இல்லை.

பெருந்துறையில் ஊசி போட்டார்கள். மிகவும் முற்றிவிட்டது என்றார்கள். வராந்தாவில் சாரதாமணி எல்லாவற்றையும் சொன்னாள். ஆத்தப்பன் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். போட்டியன்று அவன் கோயமுத்தூர் போகவில்லை; ஓடைக்கரைக்கும் போகவில்லை.

மறுநாள் கட்டிலருகே போனதும் மயில்சாமி கேட்டான்: “போனயா?”

“போனேன்.”

“என்னாச்சு?”

“ரெண்டாவதா வந்தேன். கப்புக் குடுத்தாங்க.”

மயில்சாமி கையை நீட்டி அவன் புஜத்தைத் தொட்டுப் பார்த்தான். முகம் மலர்ந்திருந்தது.

எட்டாம் நாள் செத்துப்போனான்.

காரியமெல்லாம் முடிந்து சாரதாமணி பெருமாநல்லூரில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். வழியனுப்ப வந்த ஆத்தப்பனிடம், “அண்ணா, அந்தக் கப்ப ஒருக்காக் காட்டறீங்களா? பக்கத்துக் கட்டிலு, எதுத்த கட்டிலுன்னு எல்லாருத்துகிட்டயும் அதயேதானுங்க சொல்லீட்டுருந்தாரு” என்றாள்.

அவனால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. “நான் போகவேயில்லம்மா.”

அவள் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள்.

“போயிருக்கலாமுங்கண்ணா” என்றாள். “அதுக்காவத்தானே அவரு வந்தாரு.”

பஸ் வந்தது. ஏறிப்போய்விட்டாள்.

ஆத்தப்பன் அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் அதே மெஷினை ஓட்டினான். உடம்பு தளர்ந்து தொந்தி விழுந்தது. கொஞ்சம் நடக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்தார். கூட வரட்டுமா என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் வேண்டாம் என்றே பதில் சொன்னான்.