பொறுப்பு அப்பா

எங்கள் ஹாஸ்டல் வார்டனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அதை வெளியே எடுப்பார். மற்ற நேரமெல்லாம் அவர் விசில்தான். காலையில் எழுப்ப ஒரு நீள ஊதல், குளிக்க அனுப்ப இரண்டு குட்டை ஊதல், சாப்பாட்டுக்குக் குட்டை ஒன்று, நீளம் ஒன்று. மழை வந்தால் கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்லவும் ஒன்று உண்டு. விட்டு விட்டு, மூச்சு வாங்குகிற மாதிரி ஊதுவார். கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். ஒருநாள் சமையலறைப் பூனை மீன் தட்டை நோக்கி நடந்தபோது அதற்கும் ஊதினார். பூனை நின்றது, திரும்பியது, மரியாதையாக வெளியே போனது. ஒரு பூனை எங்களைவிட ஒழுங்காக இருந்ததை ஹாஸ்டலே கொஞ்சநாள் அவமானமாக நினைத்தது.

எங்களுடையது சர்வதேசப் பள்ளி. அதாவது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எந்த நாட்டுக்காரன் என்று நாம் விசாரித்து முடிப்பதற்குள் அவன் அப்பாவுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்துவிடும். எனக்கு இது நான்காவது பள்ளி. முந்தைய மூன்றும் என்னைப் பிரிந்தபோது பெரிதாகக் கலங்கவில்லை. என் அப்பாவும் அம்மாவும் ஒரே பயணிகள் கப்பலில் வேலை பார்க்கிறார்கள். அவர் இயந்திர அறையில், அவள் சமையல்கட்டில். மகனை எந்தத் துறைமுகத்திலாவது இறக்கி வைக்க வேண்டுமே, இங்கே இறக்கினார்கள்.

விசிலும் இங்கே வந்து மாட்டிக்கொண்டவர்தான். முன்பு அவர் கால்பந்து நடுவர். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த வாரம் ஒரு ஆட்டம். அதில் பெண்ணின் அண்ணனும் ஆடினார். மச்சானாகப் போகிறவர் எதிரணிக்காரனின் காலைத் தட்டிவிட, மாப்பிள்ளையாகப் போகிறவர் சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். பெண் வீட்டில் பெரிய கலவரம். பெண் மட்டும், "சொந்தக்காரன்னு பாக்காத ஆளு, என்னையும் ஏமாத்த மாட்டாரு" என்று சொல்லிக் கழுத்தை நீட்டினார். அவர்தான் எங்கள் பள்ளி நர்ஸ். இப்போது கேட்டால், "அன்னிக்கு எனக்கு யாராவது ஒரு மஞ்சள் அட்டை காட்டியிருக்கலாம்" என்பார்.

பிறகு விசிலுக்கு முழங்கால் போயிற்று. விளையாட்டு ஆசிரியர் லீவில் போன இடத்துக்கு வந்தார். அதே சமயம் பழைய வார்டன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட, "ஒரே ஒரு வாரம் பசங்களைப் பாத்துக்கோங்க" என்றார் முதல்வர். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. அவருடைய மகளுக்கு அப்போது பால் பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அவள் பத்தாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து, என் கணக்கு நோட்டைப் பார்க்க நேரும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறாள்.

நடுவர் வேலை போனாலும் அட்டைகள் போகவில்லை. சட்டைப்பையில் இன்னும் வைத்திருக்கிறார். தலையணைச் சண்டைக்கு மஞ்சள். தீயணைப்புக் கருவியைத் திறந்து பார்த்ததற்குச் சிவப்பு, அது நான். புதிதாகச் சேர்ந்த சின்னப் பையன் எவனாவது வீட்டை நினைத்து அழுதால் பக்கத்தில் போய் உட்கார்ந்து மஞ்சள் அட்டையை அவன் மடியில் வைப்பார். "அழறதுக்கு அஞ்சு நிமிஷம் எக்ஸ்ட்ரா டைம். நல்லா அழு. நான் வாட்ச் பாக்கறேன்." மொழி புரியாத பையன்கூட அட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவான். அஞ்சு நிமிடம் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பள்ளியில் ஒரு விதி உண்டு. ஊழியர்களின் பிள்ளைகள் வளாகத்துக்குள் பெற்றோரை "சார்", "மேடம்" என்றுதான் கூப்பிட வேண்டும். பெற்றோரை விட்டு வந்திருக்கும் மற்ற பிள்ளைகள் ஏங்கிவிடக் கூடாதாம். விசிலின் குவார்ட்டர்ஸுக்கும் எங்கள் ஹாஸ்டலுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அவர் மகள் அந்தப் பக்கம் நின்று தட்டினால் "அப்பா", இந்தப் பக்கம் நின்று தட்டினால் "சார்". ஒருமுறை சரியாக நிலைப்படியின் மேல் நின்றுகொண்டு, "இப்போ என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டாள். விசில் தீவிரமாக யோசித்து, "உள்ள வந்துட்டுக் கூப்பிடு" என்று தீர்ப்புச் சொன்னார். விதியைப் போட்டவர்களே இவ்வளவு நேர்மையாக அதைக் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

பருவத்துக்கு ஒருமுறை பெற்றோர் சந்திப்பு. மண்டபத்தில் மேஜைகள், மேஜைக்கு அந்தப்பக்கம் ஆசிரியர், இந்தப்பக்கம் பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என இரண்டு நாற்காலிகள். வர முடியாத பெற்றோரின் இடத்தில் வார்டன் "பொறுப்புப் பெற்றோராக" அமர்வார் என்று சுற்றறிக்கை சொல்கிறது. முதல்வர் ஊருக்குப் போனால் பொறுப்பு முதல்வர் வருவதில்லையா, அதைப்போல எங்களுக்கு இவர் பொறுப்பு அப்பா. முழங்காலில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு எங்கள் வண்டவாளம் முழுக்கக் கேட்பார். முடிந்ததும் எழுந்து நின்று ஒவ்வொரு மேஜையிலும் ஒரே வாக்கியம்: "சரிங்க, வீட்டுக்குத் தெரிவிச்சிடறேன்." சாயங்காலம் ஹாஸ்டல் போனில் உட்கார்ந்து உலகம் முழுக்கத் தெரிவிப்பார். ஒரு குறை சொன்னால் ஒரு நல்லதும் சொல்வார். ஆசிரியர்கள் என்னைப் பற்றி நல்லது எதுவும் சொல்லாத பருவத்தில் அவராகவே யோசித்து, "சாப்பிட்ட தட்டை நல்லாக் கழுவறாங்க உங்க பையன்" என்று என் அம்மாவிடம் சொன்னார். கப்பல் சமையல்கட்டுக்கே அது பெருமையாகிவிட்டது.

இதில் ஒரே ஒரு நாற்காலிதான் அவருக்குக் கிடைக்காதது: சொந்த மகளுக்குப் பக்கத்தில் இருப்பது. தன் வீட்டுக்குச் சலுகை காட்டியதாக ஆகிவிடக் கூடாது என்று அவளுடைய முறையை எப்போதும் கடைசியில் போடச் சொல்வார். நர்ஸ் அம்மா வந்து உட்காருவார். விசில் எங்களை எல்லாம் முடித்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க வரும்போது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பருவம் பள்ளியில் கண்வலி பரவியது. சந்திப்புக்கு முந்தின வாரம் ஆய்வகத்துக்கு வெளியே விசிலின் மகளிடம் கேட்டேன்.

"உனக்கு இந்தத் தடவை யாரு?"

"அம்மாவுக்குக் கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு. வீட்டை விட்டு வெளிய வரக்கூடாது."

"அப்போ விசில்தான்."

"சாருக்கு நேரம் இருந்தா வருவாராம்."

"நீ கேட்டியா?"

"வீட்டுப் பக்கம் நின்னுதான் கேட்டேன். 'கடைசில நீதானேம்மா, வந்துடறேன்'னாரு. எல்லா வருஷமும் இதேதான்." அவள் குழாயைத் திறந்து, குடிக்காமலே மூடினாள். "இதான் கடைசி மீட்டிங். ஸ்டாஃப் பசங்களுக்கு இங்க பத்தாவது வரைக்கும்தானே. அடுத்த வருஷம் நான் எந்த ஸ்கூலோ. ஒரே ஒரு தடவை எனக்குப் பக்கத்துல வந்து உக்காரலாம்ல?"

"யாரால லேட்டாகுது அவருக்கு?" என்று அக்கறையாக விசாரித்தேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதை நீயா கேக்கறே?"

கேட்டிருக்கக் கூடாதுதான். எல்லோருக்கும் ஐந்து நிமிடம் என்றால் என்னுடைய முறை மட்டும் ஒரு நாடகம் போல இடைவேளை விட்டு நடக்கும். அவளுக்கு முந்தினது என் முறை.

ஆகவே ஒழுங்காக இருப்பது என்று முடிவெடுத்தேன். குற்றம் சொல்ல எதுவும் இல்லையென்றால் பேச என்ன இருக்கும்? வீட்டுப்பாடம் செய்தேன். அதையும் நானே செய்தேன். வகுப்பில் கையைத் தூக்கினேன், கணக்கு சார், "டாய்லெட்டா? போயிட்டு வா" என்றார். இல்லை, விடை சொல்லத்தான் என்றதும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஹாஸ்டலில் ஒருவாரமாக எந்தப் படுக்கையிலும் தண்ணீர் இல்லை, எந்தச் செருப்பும் கூரைமேல் ஏறவில்லை. விசில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்புக்கு என்னடா?" என்றார்.

சந்திப்பு அன்று என் கணக்குத் தப்பிவிட்டது.

"உட்காருங்க வார்டன் சார். இது சாதாரண விஷயம் இல்லை" என்று ஆரம்பித்தார் கணக்கு சார். "இவன் ஒரு வாரமா ஹோம்வொர்க் தர்றான்."

"யாரோடது?" என்றார் விசில்.

"இவனோடதேதான். கையெழுத்தைச் சரிபார்த்துட்டேன்." பக்கத்து மேஜை அறிவியல் டீச்சரை வேறு கூப்பிட்டார். "டீச்சர், உங்களுக்கும் தர்றானா?"

"எனக்கும் தர்றான் சார். எனக்குப் பயமா இருக்கு. வீட்டுல ஏதாவது பிரச்சினையா இருக்குமோ?"

இருவரும் என்னை ஏதோ அரிய நோய் வந்தவனைப் போல ஆராய்ந்தார்கள். விசிலாவது எழுந்திருப்பார் என்று பார்த்தால், மனிதருக்கு முகமெல்லாம் பல். இத்தனை வருடத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்ட முதல் நல்ல வார்த்தை. "இன்னொரு தடவை சொல்லுங்க சார், இவங்க அம்மாகிட்ட அப்படியே சொல்லணும்" என்கிறார். மண்டபத்தின் அந்த மூலையில் அவர் மகள் வகுப்பு டீச்சருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். அவள் காலி நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளத் தொடங்கினாள்.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. விசிலின் கழுத்தில் தொங்கிய விசிலை எட்டி எடுத்து வாயில் வைத்து ஊதினேன். ஆட்டம் முடிந்தது என்று ஊதத்தான் நினைத்தேன். பழக்கம் இல்லாத வாய். விட்டு விட்டு, மூச்சு வாங்குகிற மாதிரி வந்தது.

மண்டபத்தில் இருந்த ஹாஸ்டல் பையன்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். அப்பா பேசப் பேச, டீச்சர் திட்டத் திட்ட, நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வாசலை நோக்கி ஓடினார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது. "என்ன ஆச்சு, தீயா?" என்று பெற்றோர்களும் பின்னாலேயே ஓடினார்கள். கணக்கு சார் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

விசில் எழுந்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. சிவப்பு.

"வாங்கிக்கறேன் சார்," என்றேன். "ஆனா ஆட்டம் முடிஞ்சு போச்சு. அந்த மேஜையைப் பாருங்க."

பார்த்தார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. சிவப்பு அட்டை வாங்கியவன் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். வெளியேறினேன், அவர்கள் மேஜைக்குப் பக்கத்துத் தூண் வரைக்கும்.

வகுப்பு டீச்சர் மறுபடியும் பேனாவை எடுத்தார். விசில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல முழங்காலில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"படிப்புல ஒரு குறையும் இல்லை," என்றார் டீச்சர். "ஆனா எதையும் வாயைத் திறந்து கேக்க மாட்டேங்கறா. புரியலைன்னாலும் கேக்கறதில்லை, தனக்கு வேணும்னாலும் கேக்கறதில்லை. எல்லாரும் வாங்கிட்டுப் போகட்டும்னு வரிசையில கடைசியா போய் நிக்கறா. யாரு இப்படிப் பழக்கினாங்களோ தெரியலை."

விசில் கவனமாகக் கேட்டார். தலையாட்டினார். பிறகு எழுந்து நின்றார்.

"சரிங்க டீச்சர். வீட்டுக்குத் தெரிவிச்சிடறேன்."

டீச்சரின் பேனா அந்தரத்தில் நின்றது. விசில் இரண்டடி நடந்துவிட்டார். மூன்றாவது அடியில்தான் அவருக்கு உறைத்தது. ஊதப்போவது போலக் குவிந்த வாயோடு அப்படியே நின்றார். ஊத விசில் என் கையில் இருந்தது.

"தெரிவிச்சாச்சுப்பா," என்றாள் அவள். "வந்து உக்காருங்க."

வளாகத்துக்கு நட்டநடுவில் "அப்பா". விதிப்படி டீச்சர் கண்டித்திருக்க வேண்டும். அவரோ மேஜை விரிப்பில் இல்லாத ஒரு கறையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

விசில் வந்து உட்கார்ந்தார். மகள் அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டு மஞ்சள் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எக்ஸ்ட்ரா டைம்," என்றாள். "நான் கேக்க வேண்டியது நிறைய இருக்கு."

அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தூரத்தில்தான் இருந்தேன். ஆனாலும் துணி எடுக்கப் போனவர்களோடு போய் நானும் காய்ந்த துணியை எடுத்தேன்.

சாயங்காலம் விசில் போனில் உட்கார்ந்தார். முதலில் கப்பலைப் பிடித்தார். "உங்க பையன் ஒரு வாரமா ஒழுங்கா இருந்தாங்க. காரணத்தை விசாரிச்சிட்டிருக்கோம். இன்னிக்கு சிவப்பு அட்டை வாங்கிட்டான்." அந்தப் பக்கம் அம்மா, "அப்பாடா, நல்லாத்தான் இருக்கான்" என்றது எனக்கே கேட்டது. அடுத்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் பேசி முடித்து, கடைசியாக இன்னொரு எண்ணைச் சுழற்றினார். கதவுக்கு அந்தப்பக்கம், குவார்ட்டர்ஸில் போன் அடித்தது.

"வணக்கம்ங்க, ஹாஸ்டல்லேர்ந்து பேசறேன். உங்க பொண்ணைப் பத்தி ரெண்டு விஷயம்…"

நர்ஸ் அம்மாவின் பதில் போனிலும் வந்தது, கதவு வழியாகவும் வந்தது. "உங்க பொண்ணுதான் என் கண்ணுக்கு மருந்து ஊத்திட்டே எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கா. தெரிவிக்கறதெல்லாம் போதும். வீட்டுக்கு வாங்க."

போனை வைத்தார். எழுந்து கதவுக்கு முன்னால் போய் நின்றார். சாவி இடுப்பில் தொங்கியது. ஆனாலும் தட்டினார், இந்தப் பக்கத்திலிருந்து.

"யாரு?" என்றது மகளின் குரல்.

விசில் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் உடனே கூரையைப் பார்த்தோம்.

"அப்பாம்மா," என்றார்.

கதவு திறந்தது, மூடியது. ஸ்டடிக்குப் போகச் சொல்லும் விசில் அன்று வரவே இல்லை. நாங்களாகவே போய் உட்கார்ந்தோம். படித்தோம் என்று சொல்லவில்லை.