வாட்டிய பலகை

கராத்தே பள்ளி நடத்துகிறேன் என்று சொன்னால், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் முதலில் என் கைகளைப் பார்ப்பார்கள். அப்புறம் என் வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் விற்பது அடி உதை இல்லை என்று அவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் ஆறு மணி வரை மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களின் பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் வேனில் ஏற்றி வந்து, ஹோம்வொர்க் செய்ய வைத்து, குதிக்க வைத்து, சாப்பிட்டவுடன் தூங்கிவிடுகிற அளவுக்குக் களைக்க வைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் என் தொழில். கராத்தே அதன்மேல் தூவிய கொத்தமல்லி.

பல் டாக்டருக்கும் நெயில் சலூனுக்கும் நடுவில் ஒரே ஒரு அறையாகத் தொடங்கினேன். இன்று மூன்று கடைகளின் சுவரை இடித்து ஒன்றாக்கியாகிவிட்டது. சேர்வதற்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. திருப்பூர்க்காரி இல்லையா, வியாபாரம் தானாக வந்துவிடும் என்பார் வீட்டுக்காரர். தானாக எதுவும் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட், டெஸ்ட்டுக்கு ஒரு பெல்ட், பெல்ட்டுக்கு ஒரு நிறம் என்று படிப்படியாக யோசித்துக் கட்டியது. பிள்ளை ஜெயித்துக்கொண்டே இருந்தால்தான் பெற்றோர் விடாமல் அனுப்புவார்கள். அதனால் என் பள்ளியில் யாரும் தோற்பதில்லை.

தோற்காமல் இருப்பதற்கு வழி உண்டு. டெஸ்ட்டின் கடைசியில் ஒரு பைன் மரப் பலகையைக் குத்தி உடைக்க வேண்டும். அந்தப் பலகைகளை முந்தின நாளே என் வீட்டு ஓவனில் மெல்லிய சூட்டில் வாட்டி எடுத்துவிடுவேன். ஈரமெல்லாம் போய் அப்பளமாகிவிடும். ஆறு வயதுப் பிள்ளை குத்தினால்கூட 'படார்' என்று இரண்டாகும். எதிரில் அம்மா வீடியோ எடுத்துக்கொண்டே அழுவாள். அடுத்த வருடத்துக்கான கையெழுத்து அன்றைக்கே விழும். இதைச் செய்கிற பள்ளிகள் வேறும் உண்டு. எங்கள் வீட்டில் அன்று முழுக்க மர வாசனை அடிக்கும். "இன்னைக்கு டின்னர் என்ன, மரக்கட்டையா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

சுவரில் பெரிதாக ஒரு விதியும் எழுதி வைத்திருக்கிறேன். கருப்பு பெல்ட் வாங்காமல் யாரும் இங்கிருந்து போக முடியாது, தவறினால் மூன்று மாதத்தில் மறு டெஸ்ட் என்று. பாதியில் நிறுத்துகிறவர்களைப் பிடித்து வைக்க நானே கட்டிய வாசகம் அது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். ஒவ்வொரு வகுப்பும் முடியும்போது, "ஹூ லீவ்ஸ் வித்அவுட் எ பிளாக் பெல்ட்?" என்று நான் கத்துவேன். "நோ ஒன்!" என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்துவார்கள். பெற்றோருக்கு மயிர்க்கூச்செறியும்.

போன வருடத்திலிருந்து காற்று மாறிவிட்டது. வேலை போன செய்தி எனக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். மூன்றரை மணிக்கு ஒரு அப்பா வந்து பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையின் வகுப்பை முழுதாகப் பார்க்கிறார் என்றால், மடியில் லேப்டாப் இல்லை என்றால், கதை முடிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "வொர்க் ஃப்ரம் ஹோம்தான் மேடம்" என்பார்கள். நானும் அப்படியா என்று தலையாட்டுவேன்.

அப்படித்தான் என் மாணவி ஒருத்தியின் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். அவளுக்குப் பத்து வயது. இங்கேயே பிறந்தவள். நாலு வயதிலிருந்து என்னிடம் வருகிறாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் முன் வரிசையில் நிற்கும் வாண்டுகளுக்குப் பெல்ட் அவிழ்ந்தால், நான் சொல்லாமலே போய்க் கட்டிவிடுவாள். நான் வாட்டாத பலகையைக் கொடுத்தாலும் உடைக்கக்கூடியவர்கள் என் பள்ளியில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். அவள் அதில் ஒருத்தி. அவளுடைய கருப்பு பெல்ட் டெஸ்ட் மார்ச்சில் வருவதாக இருந்தது.

ஜனவரியில் ஒருநாள் அவள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து என் அறைக்கு வந்தார்கள்.

"ஒரு ரிக்வெஸ்ட்டுங்க மேடம்," என்றார் அப்பா. "வேலை போயி ரெண்டு மாசம் ஆகப்போகுது. வேற கம்பெனி எதுவும் செட் ஆகலைங்க. வேலை இல்லாம ரெண்டு மாசத்துக்கு மேல இருக்க விசா விடாதுங்க. அடுத்த செவ்வாக்கிழமை ஃப்ளைட். மார்ச் டெஸ்ட்ட இந்த சனிக்கிழமையே வெச்சுக்கலாமுங்களா? ஆறு வருஷமா வந்திருக்கா. வெறுங்கையோட கூட்டிட்டுப் போக மனசு வரலீங்க."

கிரீன் கார்டு வரிசையில் நின்று நின்றே தலை நரைத்த மனிதர். வீடு வாங்கி, தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடி வைத்து, பனிக்குப் போர்வை போர்த்திக் காப்பாற்றியவர். எனக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்று தெரியாத கோபம்தான் இருப்பதிலேயே கெட்டது. அன்று வீட்டில் பாத்திரங்கள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டன.

"ஃபெயில் கியில் ஆகிட மாட்டாள்ல, அக்கா?" என்று அம்மா கேட்டாள். அவள் தூங்கிப் பல நாள் ஆனது முகத்தில் தெரிந்தது.

"இங்க யாருங்க இதுவரைக்கும் ஃபெயில் ஆகியிருக்காங்க?" என்று சிரித்து அனுப்பினேன். அவளுக்குத் தேவையே இல்லை என்று தெரிந்தும், வெள்ளிக்கிழமை அவளுடைய பலகையை வழக்கத்தைவிடக் கூடுதலாக வாட்டினேன். அந்த வீட்டுக்கு இனி ஒரு ஏமாற்றமும் வரக்கூடாது என்று இருந்தது.

சனிக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. அவள் எல்லாம் செய்தாள். ஒரு அடி தப்பவில்லை. தன்னைவிட உயரமான பையனோடு சண்டை போட்டுக் காட்டினாள். குத்து அவன் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நிற்கும். எதிரியைக் காயப்படுத்தாமல் கையை அப்படி நிறுத்துவதுதான் இந்தக் கலையில் கஷ்டமானது. கடைசியாகப் பலகை. நான்தான் பிடித்தேன். அப்பா போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

அவள் குத்தினாள். பலகை உடையவில்லை.

ஹாலில் ஒரு சின்ன முணுமுணுப்பு. மூன்று வாய்ப்பு உண்டு. இரண்டாவது குத்து. உடையவில்லை. மூன்றாவதும் அப்படியே. யாரோ கதவை மரியாதையாகத் தட்டுவது போலத்தான் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவள் தோள் வந்தது, இடுப்பு வந்தது, கடைசி விரல் தூரத்தில் கை நின்றுவிட்டது. அது பிசகியது அல்ல, அவளே நிறுத்தியது. அப்படி நிறுத்த நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தேன். "கை வலிக்குதா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினாள். பயிற்சி விரிப்புக்கு வெளியே நான் ஆன்ட்டி, விரிப்பின் மேல் மேம். அதில் நான் ரொம்பக் கண்டிப்பு. அன்று அவள் விரிப்பின் மேல் நின்றுகொண்டே, "ஆன்ட்டி, ஐ ஃபெயில்ட், ரைட்?" என்று காதோடு கேட்டாள்.

நான் பலகையைத் தரையில் வைத்தேன்.

"ஸோ ரீடெஸ்ட் ஆஃப்டர் த்ரீ மந்த்ஸ். அதுவரைக்கும் வி கான்ட் லீவ். இட்ஸ் தி ரூல்." சுவரைக் கண்ணால் காட்டினாள். "ப்ளீஸ், யூ டெல் அப்பா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி தோற்பாள். அப்புறம் மறுபடி. இந்த ஊரில் இருந்துகொண்டே இருப்பதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். பெரியவர்கள் இரண்டு மாதம் ஓடி ஓடிக் கண்டுபிடிக்க முடியாத வழி. அவள் கண்ணில் பயம்கூட இல்லை, காரியம் முடிந்த நிம்மதிதான் இருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"அது நம்ம ஸ்கூல் ரூல் கண்ணு," என்றேன். "ஸ்கூலுக்கு வெளியில யாரும் அதைக் கேக்க மாட்டாங்க. நீ ஃபெயில் ஆனாலும் செவ்வாக்கிழமை போயித்தான் ஆகணும்."

"ஈவன் இஃப் ஐ ஃபெயில்?"

"ஆமா."

"ஈவன் இஃப் யூ டெல் தெம்?"

"நான் சொன்னாலும்தான்."

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் போனை இறக்கவே இல்லை. அவள் ஒரு அடி பின்னால் போய், முறைப்படி குனிந்து வணங்கி, "ஒன் மோர் டைம், மேம்," என்றாள்.

நான்காவது வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. நான் பலகையைப் பிடித்தேன். அவள் குத்திய குத்தில் அது இரண்டாகிப் பறந்து, ஒரு துண்டு கண்ணாடிக் கதவு வரைக்கும் போய் விழுந்தது. வாட்டிய பலகைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். என் மணிக்கட்டு அன்று முழுக்க விண்விண் என்று தெறித்தது.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். முதல் மூன்று குத்தும் பதற்றத்தில் தவறியது என்றுதான் நினைத்திருப்பார்கள். கருப்பு பெல்ட்டை அப்பாவோ அம்மாவோதான் கட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவள் அப்பா முன்னால் வந்து கட்டினார். கண்ணீர் மறைத்ததோ என்னவோ, முடிச்சு நிற்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் அதை அவிழ்த்துத் தானே சரியாகக் கட்டிக்கொண்டாள்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன். அடுத்து நான் கத்திக் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமல் எல்லோரும் போகலாம் என்று கையைக் காட்டினேன். யாரும் நகரவில்லை. முன் வரிசை வாண்டுகள் என் வாயையே பார்த்தன. பிறகு அவர்களில் ஒருத்தி, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, என்னைப் போலவே இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கத்தினாள். "நோ ஒன்!" என்று ஹால் முழுக்கக் கத்தியது. பெற்றோர்களில்கூடச் சிலர் சேர்ந்துகொண்டார்கள்.

கருப்பு பெல்ட் கட்டிய அவள் மட்டும் அதில் சேரவில்லை. பக்கத்தில் நின்ற சின்னப் பையனுக்குப் பெல்ட் அவிழ்ந்திருந்தது. குனிந்து அதைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.