இடதுகைக்காரரைக் கலைக்காதையுங்கோ

ரொறன்ரோவுக்கென்று ஒரு பேஸ்போல் அணி கிடைத்த புதிதில், அது தோற்றதைப்போல உலகத்தில் வேறெந்த அணியும் தோற்றிருக்காது. எழுபதுகளின் கடைசி வருடங்கள். அந்தத் தோல்விகளை அலசி ஆராய நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என்னோடு ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பகுதியில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணை, அதே தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்த சென்னை நண்பர். மூவரும் கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்கள். பேஸ்போலை முதலில் ஏளனமாகத்தான் பார்த்தோம். ஆனால் அவ்வளவு நீளமான குளிருக்குப் பிறகு வெயிலில் நடக்கிற எதன்மேலும் மனிதனுக்கு ஆசை வந்துவிடும்.

சனிக்கிழமைகளில் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்றில் கூடுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். முதல் பந்திலிருந்து எறிகிற பிச்சர்கள் எங்கள் அணியில் ஐந்து பேர். முறை வைத்து எறிந்து, முறை வைத்துத் தோற்றார்கள். அடுத்த வருடத்துக்கு இவர்களில் யாரை வைத்திருப்பது, யாரைக் கலைப்பது? அண்ணை வேகமாக எறியும் இளைஞன் ஒருவனின் கட்சி. சென்னை நண்பர், பந்தை வளைத்து எறிகிற உயரமானவரின் கட்சி. நான் வாரத்துக்கு ஒரு கட்சி. ஒரு விஷயத்தில் மட்டும் மூவரும் ஒன்று: நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த இடதுகைக்காரர் போக வேண்டும். பேஸ்போலில் அணி தோற்றால் அந்தத் தோல்வியை எறிந்தவரின் கணக்கில் எழுதுவார்கள்; பத்திரிகையில் அவருடைய பெயருக்கு எதிரே போட்டிருந்த தோல்விகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் வேறு எதுவும் சொல்லத் தோன்றாது.

என் மனைவி கல்யாணமாகி வந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தேநீரும் கட்லெட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பேஸ்போலைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல் எப்போதும் பாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்கும் சிறிய வானொலியில் ஆட்டத்தின் வர்ணனை போவதைக் கண்டிருக்கிறேன். அதை அவள் கேட்கிறாள் என்று நினைக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்று போட்டிருக்கிறாள் என்றே நினைத்தேன்.

ஓர் ஓகஸ்ட் மாலை. வேலை முடிந்து சென்னை நண்பரின் காரில் மூவரும் வந்துகொண்டிருந்தோம். பழைய பெரிய கார். கண்ணாடிகளை இறக்கி விட்டிருந்தோம். அண்ணை முன்னால், நான் பின்னால். வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு விளையாட்டைப் பற்றிச் சண்டை பிடிக்கும் நிகழ்ச்சி. நடத்துகிறவர் எல்லோரையும் அதட்டுவார். அன்றைக்கும் பிச்சர்கள் விவகாரம்தான். ஒருவர் கூப்பிட்டு ஐந்து பேரையும் ஏரியில் தள்ளச் சொன்னார். அடுத்த அழைப்பை எடுத்ததும் நடத்துகிறவரின் குரல் சட்டென்று இளகியது.

"ஆகா! பதினாறாம் மாடி அம்மையாரே, வாருங்கள். இரண்டு நாளாக உங்களைக் காணவில்லையே?"

"வீட்டில் விருந்தாளிகள்" என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த ஆங்கிலத்தின் அடியில் எங்கள் ஊர் இருந்தது. நான் காதை நம்பவில்லை. பெண்களின் குரல் தொலைபேசியில் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணை பின்னால் திரும்பாமலே கேட்டார். "தம்பி, உது உன்ர மனிசியின்ர குரல் எல்லோ?"

"இல்லை அண்ணை. அவவுக்கு உந்த விளையாட்டுத் தெரியாது."

வானொலியில் அந்தப் பெண் பேசிக்கொண்டே போனாள். இடதுகைக்காரரை வைத்திருக்க வேண்டும் என்றாள். அவர் எறிகிற நாட்களில்தான் மற்றவர்கள் பந்தைத் தவறவிடுகிறார்கள், அந்தத் தோல்வியும் அவர் தலையிலேயே விழுகிறது என்றாள். பிறகு சொன்னாள்: "எங்கள் வீட்டிலும் சனிக்கிழமைகளில் மூன்று ஆண்கள் இதைத்தான் பேசுகிறார்கள். அவர்களும் அவரைக் கலைக்கச் சொல்கிறார்கள். பத்திரிகையைப் பார்க்கிறார்கள், ஆட்டத்தைக் கேட்பதில்லை."

"யார் அந்த மேதைகள்?"

"ஒருவர் என் கணவர்."

நடத்துகிறவர் இருமல் வரும்வரை சிரித்தார். அவளும் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தொண்டை திறந்து சிரித்த சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

அண்ணை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். சென்னை நண்பர் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தார். "சார், நம்ம மூணு பேரையும்தானே சொல்றாங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் நெடுஞ்சாலையிலிருந்து இறங்க வேண்டிய வழியைத் தாண்டிவிட்டார். ஏரிக்கரைவரை போய்த்தான் திரும்பினோம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமான வீடு, வழக்கமான வாசனை. எனக்கு மட்டும் யாரோ முகம் தெரியாதவரின் வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது.

"இண்டைக்கு நல்லாச் சுணங்கிப்போச்சு. றோட்டில சனமோ?" என்றாள்.

"ஓம்." சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தேன். "நீர் றேடியோவில கதைச்சனீரோ?"

அகப்பை நின்றது. "கேட்டனீங்களோ?"

"மூண்டு பேரும் கேட்டம்."

"ஐயோ, அண்ணையுமோ?" என்று கன்னத்தில் கை வைத்தாள். நான் கேட்டதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

"எவ்வளவு காலமா உது?"

"போன வருசத்தில இருந்து."

பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொன்னாள். வந்த முதல் குளிர்காலத்தில் ஆங்கிலம் பழகட்டும் என்று வானொலியைப் போட்டாளாம். செய்தி வாசிக்கிறவர்கள் வாசித்துக்கொண்டே ஓடினார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. வசந்தம் வந்ததும் பேஸ்போல் வந்தது, அதற்கு ஒரு வர்ணனையாளர். "அந்தாள் ஆறுதலாக் கதைக்கும். ஒரு பந்துக்கும் மற்றப் பந்துக்கும் இடையில நிறைய நேரம். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். எனக்கு அது வசதியாப் போச்சு." அப்படித்தான் ஆட்டம் விளங்கியது. ஒருநாள் அந்த நிகழ்ச்சிக்காரர் இடதுகைக்காரரைக் கிழவன் என்று திட்டவும், பொறுக்காமல் தொலைபேசியை எடுத்துவிட்டாள். பேசி முடித்ததும் அரைமணி நேரம் கட்டிலில் படுத்திருந்தாளாம்.

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

யோசித்துப் பார்த்தாள். "நீங்கள் தேத்தண்ணி கேட்டியள். வேறை ஒண்டும் கேக்கேல்லையே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அண்ணையும் சென்னை நண்பரும் கண்ணியமான விருந்தாளிகள்போல வந்து, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். வெயிலைப் பற்றிப் பேசினோம். அவள் எட்டிப் பார்த்ததும் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, இஞ்சை வந்து இரும். உந்தக் கிழவனை ஏன் வைச்சிருக்கோணும்? எங்களுக்கும் சொல்லும்."

அவள் சேலைத்தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு நிமிடம் நிலத்தைப் பார்த்துப் பேசினாள். சென்னை நண்பர் மரியாதையாக, "இல்லீங்க சிஸ்டர், மனுஷனுக்கு வயசாயிடுச்சு. ஆறாவது இன்னிங்ஸ்ல கை தளர்ந்துபோகுது" என்றார். அது உண்மை. அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. அண்ணையின் வேகப்பந்து இளைஞனை, "உவன் ஒரு வெருளி. ஆக்கள் ஓடத் தொடங்கினா எங்கை எறியிறதெண்டு தெரியாது" என்றாள். அண்ணைக்கு முகம் சிவந்தது. குரல்கள் ஏறின. அவள் எல்லாவற்றிலும் சரியாக இருக்கவில்லை. பாதி இடங்களில் வெறும் பிடிவாதம். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தேநீர் போட்டவர் சென்னை நண்பர்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு நால்வருமாக ஏரிக்கரை மைதானத்துக்குப் போனோம். இடதுகைக்காரர் எறியும் நாள். அவர் எறிந்த ஆட்டம் எதுவும் எங்கள் தொலைக்காட்சியில் வந்ததில்லை; பத்திரிகைக்காரர்கள் இளைஞர்களைத்தான் படம் பிடித்தார்கள். அவள் அவரைக் கண்டதே இல்லை. "மெலிஞ்ச, உயர்ந்த மனிசனா இருக்கும். எங்கட பெரியண்ணையைப்போல" என்று ட்ராம் வண்டியான ஸ்ரீட்காரில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அலுமினிய இருக்கையில் போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தோம். ஏரிக்காற்று காதை அறுத்தது. மைதானத்தின் நடுவிலிருந்த மண்மேட்டை நோக்கி ஒரு குட்டையான ஆள் நடந்து வந்தார். இடுப்புப் பட்டிக்கு மேலே வயிறு வழிந்தது. முகம் தக்காளிச் சிவப்பு. ஒரு கன்னம் புகையிலையால் புடைத்திருந்தது. மேட்டில் ஏறி நின்று, நீளமாக ஒருதரம் துப்பினார்.

"ஆர் உது?" என்றாள்.

"அவர்தான்."

"உவரோ?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "துப்பிறாரே! றேடியோவில உது ஒண்டும் சொல்லேல்லையே."

நாலாவது இன்னிங்ஸ்வரை அவள் அந்த அதிர்ச்சியிலிருந்து வெளியே வரவில்லை. அப்போது உருண்டு வந்த சுலபமான பந்து ஒன்று எங்கள் ஆட்டக்காரன் ஒருவனின் கால்களுக்கு நடுவே போனது. இடதுகைக்காரர் மேட்டிலிருந்து இறங்கிப் போய், அந்தப் பையனின் முதுகில் தட்டிவிட்டு வந்தார். "பாத்தியளோ, இதைத்தான் றேடியோவில அந்தாள் சொல்லுறது" என்றாள். அடுத்த பந்தை எதிரணிக்காரன் வேலிக்கு வெளியே அடித்தான். பயிற்சியாளர் அவரை வெளியே எடுக்க நடந்து வந்தார். சுற்றியிருந்தவர்கள் ஊளையிட்டார்கள்.

அவள் எழுந்து நின்றாள். போர்வை கீழே விழுந்தது. "ஆளை எடுக்காதையுங்கோ! எடுக்காதையுங்கோ!" என்று தமிழில், முழுத் தொண்டையில் கத்தினாள்.

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. அண்ணை பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "தம்பி, அவவை இருத்து" என்றார். முன் வரிசையிலிருந்த தடித்த வெள்ளைக்காரர், அவள் என்ன சொன்னாள் என்று அவளிடமே கேட்டார். அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். அந்த மனிதரின் வாய் திறந்தபடி நின்றது.

"நீங்களா? பதினாறாம் மாடி அம்மையார் நீங்களா?"

குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். எழுந்து நின்று நாலு வரிசைக்குக் கேட்கும்படி கூவினார். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கை கொடுத்தார்கள். ஒரு கிழவி அவளைக் கட்டிக்கொண்டாள். ஒருவர் கை கொடுத்த கையோடு, அந்த ஆளை உடனே கலைக்க வேண்டும் என்று அவளிடம் சண்டை தொடங்கினார். அவளும் விடவில்லை. என் மனைவியை இந்த நகரத்தில் இத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் அந்த இருக்கையில்தான் அறிந்துகொண்டேன். நாங்கள் மூவரும் ஆறிப்போன ஹொட்டோக்கைக் கையில் வைத்தபடி இருந்தோம். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

அந்தப் பருவம் முடிந்ததும் இடதுகைக்காரரை அணி விட்டுவிட்டது. நாங்கள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செய்தியில் சொன்னார்கள், ஒரே வரியில். அவள் கவளத்தைச் சாப்பாட்டுக் கோப்பையில் திரும்ப வைத்தாள். எழுந்து கை கழுவினாள். அதன்பின் பல நாட்கள் அந்த நிகழ்ச்சிக்காரர், "பதினாறாம் மாடி எங்கே? கோபமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்பாள். தொலைபேசிப் பக்கம் போகமாட்டாள்.

"ஒருக்கா எடுத்துக் கதையுமன்" என்றேன்.

"செத்தவீட்டில போய் ஆரும் வாதாடுவினமோ?" என்றாள்.

இடதுகைக்காரர் அதன்பின் வேறெந்த அணியிலும் எறிந்ததாகக் கேள்விப்படவில்லை. எங்கள் மூவரின் கணிப்பு சரி என்று அண்ணை ஒருமுறை சொல்லப் பார்த்தார். அவளுடைய முகத்தைக் கண்டு பாதியில் நிறுத்திவிட்டார்.

அடுத்த வசந்தத்தில் ஒரு பின்னேரம் நான் வீட்டில் இருந்தேன். அவள் தொலைபேசியை எடுத்து எண்ணைச் சுழற்றினாள். வானொலியைக் குறைக்கும்படி எனக்குக் கையால் காட்டினாள், இல்லாவிட்டால் எதிரொலிக்குமாம். குறைத்தேன். நாங்கள் யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு புதுப் பையனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். வைத்திருக்க வேண்டும் என்றாள். எனக்கு ஒரு வீதம்கூடச் சம்மதமில்லை. நிகழ்ச்சிக்காரர் அவளிடம் என்ன சொல்கிறார் என்று அறிய, எட்டி வானொலியில் காதை வைத்துக் கேட்டேன்.